தேவாலயத்தில் கஷாங்கா

போர்ட்டோ நகருக்கு வந்த நாலாவது நாள் காலையில், மத்தி மீன் டப்பாவைக் கண்டாலே திமோனுக்கு அழுகை வந்தது. முதல் நாள் ஆற்றங்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து அதே மீனை ரொட்டியில் வைத்துத் தின்றபோது, வாழ்ந்தால் இப்படி வாழவேண்டும் என்று சொன்னவனும் அவன்தான். அதிலிருந்து மூன்று நாளாக மூன்று வேளையும் மத்தி.

"இன்னிக்கும் மத்தியா?"

"இல்லடா. இன்னிக்குத் தக்காளிச் சாறுல ஊறின மத்தி. உனக்காக மாத்தி வாங்கியிருக்கேன்" என்றாள் யகோதா.

"நான் செத்தா என்னையும் டப்பாவுல அடைச்சுதான் ஊருக்கு அனுப்பப் போறாங்க."

"பெரிய டப்பாவா வேணும். காசு ஜாஸ்தியாகும். இப்போ சாவாத."

இருவரும் போலந்தில், லூப்லின் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. மலிவு விலை விமானச் சீட்டு கிடைத்ததும் ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கஜானா யகோதாவிடம். அவள் கையிலிருந்து ஒரு யூரோவைப் பிடுங்குவதைவிடச் சுலபமாக, பரீட்சையில் வாத்தியாரை ஏமாற்றிவிடலாம். பன்னிரண்டு கட்டில் போட்ட விடுதி அறையில் மேல்தட்டில் அவள், கீழ்த்தட்டில் அவன். எதிர்க்கட்டிலில் ஒரு பெல்ஜியக்காரன் நாலு நாளாகக் குறட்டை விடுவதைத் தவிர வேறு எதுவும் செய்து அவர்கள் பார்த்ததில்லை.

அன்று இருவரும் பொது நீர்க்குழாயில் புட்டியை நிரப்பிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறி வந்தார்கள். வழியில் ஒரு ஓட்டல். தரைத்தளம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே காலைச் சாப்பாடு பரப்பி வைத்திருந்தார்கள். வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் முழுப் பன்றித்தொடையைத் தாங்கியில் மாட்டி, காகிதம்போல மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தார். திமோன் அப்படியே நின்றுவிட்டான். அவன் மூச்சுப் பட்டுக் கண்ணாடி வேர்த்தது.

"வாடா, மானம் போகுது" என்று யகோதா அவன் சட்டையை இழுத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஓட்டல் வாசலில் ஒரு கூட்டம் புகைபிடித்து முடித்துவிட்டு உள்ளே நகர்ந்தது. பதினைந்து பேர் இருக்கும். ஆண்கள், பெண்கள், கிழவர்கள், நடுவயதுக்காரர்கள். எல்லார் வாயிலும் போலந்து மொழி.

"முந்தாநேத்து மாதிரி முட்டைய எல்லாம் லெஷெக் வழிச்சுக்கிட்டுப் போயிடப் போறான், சீக்கிரம் வாங்க" என்று ஒரு அம்மாள் கத்தினாள்.

யகோதாவின் கை திமோனின் சட்டையை இழுப்பதை நிறுத்தியது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைத் திமோன் முன்பு பார்த்திருக்கிறான். பரிசோதனைக் கூடத்தில் எதையாவது வெடிக்க வைப்பதற்குச் சற்று முன்னால் வருவது அது.

"போலிஷ்ல ஏதாவது பேசு. சத்தமா பேசு. நட" என்றாள்.

"என்ன பேச?"

"எதையாவது. உங்க அத்த முழங்கால் வலியப் பத்திப் பேசு."

திமோன் தன் அத்தையின் முழங்காலைப் பற்றி உரக்க வருத்தப்பட்டுக்கொண்டே கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டான். சாப்பாட்டு அறை வாசலில் நின்ற பரிசாரகர், "பாட்டுக் குழுதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். யகோதா மார்பில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டுத் தலையாட்டினாள். அதற்கு மேல் அவர் என்ன கேட்பார்?

அதன் பிறகு நடந்ததைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. பன்றித்தொடைச் சீவல், ஆட்டுப்பால் கட்டி, வறுத்த காளான், முலாம்பழம், மேலே கருகி உள்ளே தளதளக்கும் முட்டைப் பாலேடு வைத்த குட்டிக் குட்டிப் பணியாரங்கள். திமோன் மூன்று தட்டு முடித்தான். யகோதா நிதானமாகச் சாப்பிட்டாள். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு துண்டு பால்கட்டி கைத்துடைப்பானுக்குள் போய்க்கொண்டிருந்தது. திமோனின் மழைக்கோட்டுப் பையில் அவித்த முட்டைகள் சேர்ந்தன.

எதிரே ஒரு மலைபோன்ற மனிதர் வந்து உட்கார்ந்தார். சிவந்த கழுத்து, கட்டை விரல்கள்.

"புதுசா இருக்கீங்களே? நான் லெஷெக். தார்னூவ் ஊர்ல கசாப்புக் கடை. கீழ்க்குரல் பாடுறேன்."

"நானும் கீழ்க்குரல்தான்" என்றான் திமோன், வாய் நிறைய முட்டையோடு.

"அப்படியா? நாம எல்லாம் ஒரே வரிசைதான். உன்ன நான் பாத்ததே இல்லயே தம்பி?"

"நான் ரொம்பக் கீழ்க்குரல். அவ்வளவா வெளிய கேக்காது."

லெஷெக் மெல்லுவதை நிறுத்தினார். யகோதா மேசைக்கடியில் திமோனின் காலை மிதித்தாள். பக்கத்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஒல்லியான, நரைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது.

"எத்தன முட்டை?" என்று கேட்டார்.

திமோனின் கை மழைக்கோட்டுப் பையை மூடியது.

"பைல இருக்கறத கேக்கறேன். வயித்துல இருக்கறது எனக்குத் தெரியும். அந்தக் கம்பத்துக்குப் பின்னால உக்காந்து முதல் தட்டுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"டீச்சர், இவங்க நம்ம ஆளுங்க இல்லயா?" என்று லெஷெக் கேட்டார்.

"இப்போதைக்கு இல்ல" என்றார் அவர்.

அவர் பெயர் ஸெனோபியா. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர். குழுவில் இருப்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் பிரம்படி வாங்கி வளர்ந்தவர்கள். மீதிப்பேர் வாங்காமலே பயந்தவர்கள்.

"அம்மா, மன்னிச்சுக்கோங்க. நாங்க மாணவர்கள். மூணு நாளா மத்தி மீனு..." என்று யகோதா ஆரம்பித்தாள்.

"கதையெல்லாம் அப்புறம். பதினோரு மணிக்குப் போட்டி. பெரிய தேவாலயத்துல. இருபத்தி நாலு பேர் இல்லாத குழுவ மேடையில ஏத்த மாட்டாங்க. எங்கிட்ட சரியா இருபத்தி நாலு பேர்தான் இருந்தாங்க. நேத்து ரெண்டு பேர் கடற்கரைக்குப் போயி ஒரு வாளிச் சிப்பி தின்னுட்டு, இப்ப ஆளுக்கொரு குளியலறையப் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. இப்ப எங்கிட்ட எத்தன பேர்?"

"இருபத்தி ரெண்டு" என்றான் திமோன்.

"கணக்கு வருது. நல்லது."

"எங்களுக்குப் பாடத் தெரியாதே?"

"பாடச் சொன்னேனா? நிக்கணும். வாய மட்டும் அசைக்கணும். தொண்டையிலேர்ந்து ஒரு பொட்டுச் சத்தம் வந்துச்சு, அந்த முட்டையெல்லாத்தையும் ஓட்டோட முழுங்க வெச்சிருவேன்."

"இது ஏமாத்து வேல இல்லயா?" என்று யகோதா கேட்டாள். கேட்டுவிட்டு, கைத்துடைப்பானிலிருந்த பால்கட்டியை மெல்ல மடிக்குக் கீழே இறக்கினாள்.

ஸெனோபியா அதையும் பார்த்தார். "ஆமா. அதனாலதான் உங்களப் புடிச்சேன். நாணயமானவங்கள வெச்சுக்கிட்டு இந்த மாதிரி வேலையெல்லாம் செய்ய முடியாது."

பத்து மணிக்குள் திமோன் ஹென்றிக் ஆகிவிட்டான். ஹென்றிக் என்பவர் தார்னூவில் பல் மருத்துவர், சிப்பி தின்ற இருவரில் ஒருவர். குட்டையானவர், இடுப்பு பெருத்தவர். அவருடைய கறுப்புக் கால்சட்டை திமோனுக்குக் கெண்டைக்காலோடு நின்றது. இடுப்பில் இன்னொரு ஆளை நிறுத்தலாம். பின்பக்கம் மடித்து மூன்று ஊசி குத்தினார்கள். காலணி யாருடையதும் பொருந்தவில்லை. மலையேறும் பூட்ஸோடு கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். யகோதா, சிப்பி தின்ற இன்னொருவரான ப்ரோனிஸ்வாவா அம்மாளின் நீண்ட சிவப்பு அங்கியில் புகுந்து, எங்கே நடந்தாலும் அங்கிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். இருவர் கழுத்திலும், சிப்பி தின்றவர்களின் பெயர் அட்டை தொங்கியது.

"வாய எப்படி அசைக்கறது?" என்று திமோன் லெஷெக்கிடம் கேட்டான்.

அவருக்கு இந்த விஷயம் மிகவும் பிடித்துப்போயிருந்தது. "மொத ரெண்டு வருஷம் நானும் அப்படித்தான், தம்பி. வார்த்தையெல்லாம் லத்தீன், எவனுக்குப் புரியுது? நான் என் கடைச் சரக்கச் சொல்லுவேன். கெவ்பாசா, கபானோஸ், சல்செசோன், கஷாங்கா. இதுல எல்லா உயிரெழுத்தும் வந்துரும். முகத்த மட்டும் சோகமா வெச்சுக்கோ. பக்தி வந்துரும்."

எல்லாம் சாசேஜ் வகைகள். கடைசியில் சொன்ன கஷாங்கா, பன்றி ரத்தத்தையும் தானிய நொய்யையும் குடலில் அடைத்து வேகவைப்பது. போலந்தில் அடுப்பு மூட்டும் எந்த விருந்திலும் அது இருக்கும்.

தேவாலயத்தின் உள்சுவர் முழுக்க நீல ஓடுகள். ஓடுகளில் புனிதர்கள் ஆடு மேய்த்துக்கொண்டும், தலை வெட்டுப்பட்டுக்கொண்டும் இருந்தார்கள். முன்னால் நடுவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் எர்மெலிண்டா என்ற அம்மாள். கறுப்புச் சால்வை, வெள்ளை முடி. அவர் ஒவ்வொரு குழுவும் பாடும்போது கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா கேட்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை.

தார்னூவ் குழு ஏறியது. யாரோ தலைகளை எண்ணினார்கள். சரியாக இருந்தது. ஸெனோபியா கையை உயர்த்தினார்.

முதல் பாட்டு ஒரு சிக்கலும் இல்லாமல் போனது. யகோதா மீன்போல வாயைத் திறந்து மூடினாள். திமோன் லெஷெக்கின் கடையை முழுக்க ஒரு சுற்று வந்தான்.

வம்பு இரண்டாம் பாட்டில் தொடங்கியது. அது துக்கப் பாட்டு. மெல்ல எழும்பி, எழும்பி, கல் தரை அதிரும் அளவுக்கு ஏறுவது. இருபத்தி இரண்டு பேர் நெஞ்சைத் திறந்து பாடும்போது நடுவில் நிற்கிறவனுக்கு என்ன ஆகும் என்று திமோனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. லெஷெக்கின் குரல் அவன் விலா எலும்புக்குள் புகுந்து ஓடியது. மயிர்க்கூச்செறிந்தது. கண் தானாக மூடிக்கொண்டது. தான் வாயை மட்டும்தான் அசைக்கிறோம் என்பதை அவன் மறந்தான். முதலில் ஒரு முனகல். பிறகு கொஞ்சம் பலமாக. அந்தப் பேரிரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. தைரியம் வந்துவிட்டது. கெவ்பாசா! கபானோஸ்! சல்செசோன்!

உச்சத்துக்குப் போனதும் அந்தப் பாட்டு சட்டென்று நிற்கும். கடைசிச் சுரத்துக்கு முன்னால், மூச்சு விடும் நேரம் அளவுக்கு முழு மௌனம். பாட்டை எழுதியவர் அங்கேதான் தன் திறமையெல்லாம் வைத்திருந்தார். ஸெனோபியாவின் இரண்டு கையும் மூடின. இருபத்தி இரண்டு குரலும் அறுந்தன.

"கஷாங்காஆஆ!"

திமோன் கண்ணைத் திறந்தான். அவன் குரல் கூரைக்குப் போய், புனிதர்கள் மேலெல்லாம் பட்டு, நிதானமாகத் திரும்பி வந்தது. பார்வையாளர்களில் எங்கோ பின்வரிசையில் ஒரு போலிஷ் கன்னியாஸ்திரி இருமத் தொடங்கினார். அது இருமல் இல்லை, அடக்கிய சிரிப்பு என்பது அவர் தோள் குலுங்கியதில் தெரிந்தது.

ஸெனோபியாவின் முகம் மாறவே இல்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்த முகம் அது. மூடிய வலது கையிலிருந்து ஒரே ஒரு விரலை நீட்டி லெஷெக்கைக் காட்டினார். லெஷெக் ஒரு நொடி விழித்தார். பிறகு ஆழ்கிணற்றிலிருந்து வருவதுபோலப் பாடினார்: "கஷாங்கா..."

விரல் மற்ற கீழ்க்குரல்களிடம் போனது. "கஷாங்கா..." பெண்களிடம் போனது. அவர்கள் கண்ணில் நீர் தளும்பத் தளும்ப மெல்லிசாகப் பாடினார்கள், "கஷாங்கா..." எல்லாரையும் ஒன்றாக இழுத்துக் கடைசிச் சுரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாட்டு முடிந்தது.

கைதட்டல் எழுவதற்கு வெகுநேரம் ஆனது. எர்மெலிண்டா அம்மாள் முதல்முறையாகக் கண்ணைத் திறந்திருந்தார்.

"ஓடிரலாமா?" என்று படியிறங்கும்போது திமோன் முணுமுணுத்தான்.

"இந்த அங்கியோடயா? நீ போ, நான் நாளைக்கு வந்து சேர்றேன்" என்றாள் யகோதா.

ஓட முடியவில்லை. முடிவுகளை அறிவித்தார்கள். முதல் பரிசு லிதுவேனியாக்காரர்களுக்கு. பிறகு, தனிக்குரலுக்கான சிறப்பு விருது, தார்னூவ் குழுவின் ஹென்றிக் அவர்களுக்கு.

திமோன் கைதட்டினான். பக்கத்தில் இருந்தவர்கள் அவனைத் தள்ளியபோதுதான் ஹென்றிக் யார் என்று நினைவு வந்தது.

எர்மெலிண்டா அம்மாள் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார். "அந்த ஒத்த வார்த்த, அது லத்தீன் இல்லயே? என்ன அர்த்தம்?"

திமோன் ஸெனோபியாவைப் பார்த்தான். ஸெனோபியா கூரையைப் பார்த்தார். லெஷெக் தன் காலணியைப் பார்த்தார். யகோதா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அது எங்க ஊர் பழைய வார்த்தைங்க. ரத்தத்துலேர்ந்து வர்றது. ரொம்பப் பசியில இருக்கறவன் வாயிலேர்ந்து தானா வரும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எர்மெலிண்டா அம்மாள் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நெனச்சேன். அந்தக் குரல்ல பசி இருந்துது" என்றார். "நாளைக்கு சாயங்காலம் பரிசு வாங்கினவங்க கச்சேரி. நீங்க மறுபடி பாடணும், ஹென்றிக்."

ஓட்டலுக்குத் திரும்பியபோது உண்மையான ஹென்றிக், வெளிறிப்போன முகத்தோடு, வரவேற்பறைச் சாய்விருக்கையில் போர்வை போர்த்திக்கொண்டு இருந்தார். லெஷெக் வெள்ளிக் கிண்ணத்தை அவர் மடியில் வைத்தார்.

"வாழ்த்துகள் டாக்டர். தனிக்குரல் பாடிப் பரிசு வாங்கியிருக்கீங்க."

"நானா?"

"அருமையா பாடுனீங்க. நடுவரம்மா அழுதுட்டாங்க."

கதையைக் கேட்டு முடித்ததும் ஹென்றிக் கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் தன் பெயரை எழுதி ஒட்டியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"பத்தொம்பது வருஷமா இந்தக் குழுவுல இருக்கேன்" என்றார் மெதுவாக. "டீச்சர் எனக்கு ஒரு வரிகூடத் தனியா குடுத்ததில்ல."

"குரல் அப்படி" என்றார் ஸெனோபியா, இரக்கமே இல்லாமல்.

"நாளைக்கு நான்தான் பாடுவேன். பேரு என் பேரு. பையன் வேணா எனக்குச் சொல்லிக் குடுக்கட்டும்."

ஸெனோபியா அவரைப் பார்த்தார், திமோனைப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கினார். "ரெண்டு பேரும் ஒரே அளவுக்கு மோசம். எவன் பாடுனா எனக்கென்ன."

இப்படித்தான் வேதியியல் படிக்கும் திமோன், ஐம்பத்தெட்டு வயதுப் பல் மருத்துவருக்கு, ஓட்டல் நாலாம் மாடித் தாழ்வாரத்தில், ரத்தச் சாசேஜின் பெயரைக் கத்தச் சொல்லிக்கொடுத்தான்.

"அப்படி இல்ல டாக்டர். நீங்க கடையில வாங்கற மாதிரி சொல்றீங்க. கெடைக்காத மாதிரி சொல்லணும்."

"கஷாங்கா."

"இன்னும் பசியா."

"நேத்துலேர்ந்து வயித்துல ஒண்ணும் நிக்கல தம்பி, இதுக்கு மேல பசிக்கு எங்க போவேன்? கஷாங்காஆ!"

எதிர் அறையில் தங்கியிருந்த ஜெர்மன் தம்பதி கீழே புகார் சொன்னார்கள். குளியலறையை விட்டு வெளியே வந்துவிட்ட ப்ரோனிஸ்வாவா அம்மாள், அந்தப் பெயரை இனிமேல் தன் காதில் போட்டால் மறுபடி உள்ளே போய்ப் பூட்டிக்கொள்வேன் என்றாள்.

கூலி என்று எதுவும் பேசப்படவில்லை. ஆனால் மத்தியானம் குழு சாப்பிடப் போனபோது இரண்டு நாற்காலி கூடுதலாகப் போடச் சொன்னார் ஸெனோபியா. அடுப்பில் வாட்டிய கோழியும் வறுத்த உருளைக்கிழங்கும் வந்தன. யகோதா பழக்கதோஷத்தில் ஒரு காலைக் கைத்துடைப்பானில் சுற்றினாள். ஸெனோபியா ஒன்றும் சொல்லாமல் இன்னொரு காலை அவள் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் சாயங்காலக் கச்சேரியில் தேவாலயம் நிரம்பி வழிந்தது. இருபத்தி நாலு பேரும் உண்மையான இருபத்தி நாலு பேராக மேடையில் நின்றார்கள். திமோனும் யகோதாவும் இலவசச் சீட்டில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். எர்மெலிண்டா அம்மாள் மேடையைப் பார்த்தார். நேற்றைவிட ஒரு முழம் குட்டையாகவும் நாற்பது வயது கூடுதலாகவும் நின்ற ஹென்றிக்கைப் பார்த்தார். கழுத்து அட்டையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு, ஏதோ தீர்மானித்தவர்போல, கண்ணை மூடிக்கொண்டார்.

மௌனம் வந்தது. ஹென்றிக் வாயைத் திறந்தார். வந்தது நல்ல குரல் இல்லை. கரகரத்தது, நடுவில் பிசிறியது. ஆனால் பத்தொன்பது வருடம் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்ற ஒருவர் முழு மூச்சையும் அதில் போட்டிருந்தார். கூரையில் உட்கார்ந்திருந்த கடற்புறா ஒன்று பதறிப் பறந்தது. லெஷெக் பதில் சொன்னார். மற்றவர்கள் பதில் சொன்னார்கள். கைதட்டல் நேற்றைவிட அதிகம். ஹென்றிக் ஒருமுறை குனிந்து வணங்கினார். கைதட்டல் ஓயவில்லை, இன்னொருமுறை குனிந்தார். மூன்றாம் முறை அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தவேண்டியதாயிற்று.

யகோதா திமோனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் தொங்கியிருந்தது.

"என்னடா?"

"ரொம்ப இழுத்துட்டாரு. கடைசில கமகம் வேற. நான் எவ்வளவு எளிமையா பாடுனேன்."

"பொறாமயா?"

"எனக்கென்ன பொறாம? நான் சம்பாதிச்ச பேர இப்படிக் கெடுக்கறாரேன்னு பாக்கறேன்."

"டேய்" என்றாள் யகோதா, "அது அவரு பேருடா."

மேடையில் ஹென்றிக், ஸெனோபியாவின் முறைப்பையும் மீறி, நாலாவது தடவையாகக் குனிந்துகொண்டிருந்தார். திமோன் எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கும்வரை தட்டினான்.